உன் குரலில் வேறொருவன்

முகிலனுக்கு,

டீச்சர் எழுதுவது. இந்தக் கடிதம் புனே வந்து சேருவதற்கு முன்பே உன் போனுக்கு ஓர் அறிவிப்பு வந்திருக்கும். என் போனைப் பார்க்கும் அனுமதி உன்னிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்று அதில் இருக்கும். நீ பதறிப்போய் அப்பாவைக் கூப்பிட்டிருப்பாய். அவர், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, உங்க டீச்சரையே கேளு" என்று நழுவியிருப்பார். அப்படிச் சொல்லும்படி நான்தான் சொல்லிவைத்தேன். என் போனை யாரும் திருடவில்லை. எந்தத் திருடனும் உள்ளே நுழைந்து உன்னை வெளியே தள்ளவில்லை. தள்ளியது நான். காரணத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், எனக்குக் கோர்வை போய்விடும். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். நிதானமாகப் படி. நித்யாவும் படிக்கலாம்.

என்னை ஏமாற்றப் பார்த்த அந்தத் திருட்டு அழைப்பு வந்த வாரக் கடைசியிலேயே நீங்கள் இரண்டு பேரும் கிளம்பி வந்தீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் முதல் தடவை வீட்டுக்கு வருகிறாள் என்று நான் பாயசம் வைத்திருந்தேன். நீ பாயசத்தைத் தொடவில்லை. என் போனை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தவன், விளக்கு வைக்கும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அதை என் கையில் கொடுத்து, "இனிமே தெரியாத நம்பர் எதுவும் உங்களுக்கு வராது டீச்சர். யார்கிட்ட பேசுறீங்க, எங்க இருக்கீங்க, எல்லாம் எனக்கு அங்கயே தெரிஞ்சிடும். நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போனுக்குப் பெற்றோர் போடும் ஏற்பாடு அது என்று நித்யா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நீ அவளை முறைத்தாய். எனக்கு அது வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். உன் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. போன் விஷயத்தில் என் லட்சணம் ஊருக்கே தெரியும். கரும்பலகையில் எழுதும்போது வாயும் கூடவே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும். அப்படியே பழகிய வாய் இது. ரிட்டயர் ஆனபின்னும் அடங்கவில்லை. பாஸ்வேர்டைத் தட்டும்போதும் ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொல்லித்தான் தட்டினேன். காட்டூரில் இருந்தவரை தனி வீடு, யாருக்கும் கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடிக்கு வந்தபின் எதிர்வீட்டு மாமி ஒருநாள் புளியோதரைக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், "டீச்சர், உங்க பாஸ்வேர்டுல நடுவுல ஒரு ஒன்பது வருமே, இன்னிக்கு அத விட்டுட்டேளே, அதான் திறக்கலயோ என்னமோ" என்றாள். மாமி சொன்னது சரிதான். ஒன்பதைச் சேர்த்ததும் திறந்துகொண்டது. இதை உன்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னபோது நீ சிரிக்கவில்லை.

அடுத்தது நீலக் குடை. குரலைக்கூட மெஷினால் காப்பியடிக்க முடிகிற காலம் என்றும், வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் இருக்க வேண்டும் என்றும், அவசரம் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் அதைக் கேட்க வேண்டும் என்றும் கல்யாணத்துக்கு முன்பே சொல்லித்தந்தாய். 'நீலக் குடை' என்று சொல்லும் தேர்ந்தெடுத்தாய். நல்ல ஏற்பாடு என்று எனக்கும் பட்டது. யாரும் மறந்துவிடக்கூடாது என்று அன்று சாயங்காலமே அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். லால்குடிச் சித்தப்பா கட்டைவிரலைக் காட்டினார். உன் அத்தை அவள் புகுந்த வீட்டுக் குரூப்புக்கு அனுப்பிவைத்தாள். உன் ரிசப்ஷனில் வரிசையில் வந்தவர்களில் பாதிப்பேர் உன் கையைக் குலுக்கி "நீலக் குடை" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டோவுக்கு நின்றார்கள். நித்யா வீட்டார் அது நம் குலதெய்வம் சம்பந்தப்பட்ட ஏதோ வழக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். நீ மாலையும் கழுத்துமாக என் காதருகே குனிந்து, "ரகசியம்னா என்னன்னு தெரியுமா டீச்சர் உங்களுக்கு?" என்று கேட்டாய். கோபத்திலும் மரியாதை குறையாத பிள்ளை.

இந்த 'டீச்சர்' எங்கிருந்து வந்தது என்று நித்யா என்னிடம் கேட்டாள். நீ சொல்லவில்லை போலிருக்கிறது. அவளுக்காக இங்கே எழுதுகிறேன். நீ மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது அந்த வகுப்புக்கு நான்தான் டீச்சர். முதல் நாள் நோட்டை நீட்டிக்கொண்டு வந்து "அம்மா, இதப் பாரு" என்றாய். வகுப்பே சிரித்தது. நான் உன்னை இடத்துக்குத் திருப்பி அனுப்பி, "இங்க நான் எல்லாருக்கும் டீச்சர். அப்படித்தான் கூப்பிடணும். 'வாங்க, பாருங்க'ன்னு சொல்லணும்" என்றேன். நீ அழவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து "டீச்சர், பசிக்குதுங்க" என்றாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளை விளையாடுகிறான், நாலு நாளில் மறந்துவிடுவான் என்று நானும் நினைத்தேன். நீ மறக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்து அந்தப் பள்ளியை விட்டுப் போனபிறகும் மாறவில்லை. காலேஜில் சேர்ந்தாய், வேலைக்குப் போனாய், உன் நாக்குக்கு அது பழகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் நித்யாவின் பெரியப்பா என்னிடமே வந்து, "டீச்சருங்களா? மாப்பிள்ளையோட அம்மாவ எங்க காணோம், சாப்பிட்டாங்களா?" என்று விசாரித்தார். "சாப்பிட்டாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

உன் அப்பா கதையையும் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பேசும் ஸ்பீக்கரோடு அவர் இப்போது நல்ல சிநேகம். அதை வேலை ஏவ அவருக்கு மனசு வருவதில்லை. "ஏங்க, இன்னிக்கு மழை வருமாங்க?" என்றுதான் கேட்பார். பதில் வந்ததும் "ரொம்ப நன்றிங்க" என்பார். கடைக்குக் கிளம்பும்போது என்னிடம் சொல்கிறாரோ இல்லையோ, அதனிடம் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறார். அது ஒவ்வொரு தடவையும் புரியவில்லை, மன்னிக்கவும் என்கிறது. இவர் "பரவால்லைங்க" என்கிறார். காலையில் நான் இட்லிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டே கேட்பேன். எனக்கு இந்தச் சாமான்கள்மேல் விரோதம் எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்தப் போன். மத்தியானம், அப்பா காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். தெரியாத நம்பர். எடுத்தேன். "அம்மா, நான்தான்மா முகிலன். என் போன் உடைஞ்சிடுச்சு, பிரெண்டு போன்லேர்ந்து பேசுறேன். நீ பதறாத" என்று உன் குரல் கேட்டது. உன் குரல் என்றால் உன் குரலேதான். மூச்சை இழுத்து நிறுத்தி அடுத்த வார்த்தைக்குப் போகிறாயே, அதுகூட இருந்தது. வண்டி மோதிவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல், கார்டு வேலை செய்யவில்லை என்று கதை போயிற்று. நீ பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஊருக்குச் சொல்லி வீடியோ போடுகிறாயே, அதிலிருந்துதான் உன் குரலை எடுத்திருப்பார்கள் என்று பிறகு நீயே சொன்னாய். அதைச் சொல்லும்போது உனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அது நீ இல்லை என்று எனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. நீலக் குடையைக் கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. உன் வாயில் எனக்கு 'அம்மா' கிடையாது, 'நீ'யும் கிடையாது. அதுவும் போக, இது எனக்குப் பழகிய திருட்டு. வகுப்பில் பெயர் வாசிக்கும்போது, மட்டம் போட்டவனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் குரலை மாற்றி "உள்ளேன் டீச்சர்" என்பான். நான் தலை நிமிராமலே "எழுந்து நில்லுடா" என்பேன். குரல் கொடுத்த பையன்தான் எழுந்து நிற்பான். குரலை மாற்றலாம், அந்தப் பெயருக்குரியவன் என்னிடம் எப்படிப் பேசுவான் என்பது அவனுக்கு மட்டும்தானே தெரியும். போனில் வந்தவனிடமும் கடைசியில், "தம்பி, ஆள் மாறி அட்டெண்டன்ஸ் குடுக்காத. உக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வந்த நம்பரை நான் சொல்லவில்லை. உடனே உன்னைக் கூப்பிட்டேன். "டீச்சர், மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடட்டுங்களா?" என்றாய். அதைக் கேட்டபிறகுதான் போனைக் கீழே வைத்தேன்.

ஆனால் நீ இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் போனில் அந்த அழைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்த்தாய். "இவ்வளவு நேரமா பேசினீங்க? முதல்லயே தெரிஞ்சிருந்தா உடனே வெச்சிருக்க வேண்டியதுதானே? ஏன் வெக்கல?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால், பாதி ஏமாந்துவிட்டு அதை மறைக்கிறேன் என்று முடிவு கட்டினாய். அந்த முடிவின்மேல்தான் என் போனுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் புனேவுக்குக் கொண்டுபோனாய்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததை நீ அறியமாட்டாய். கூட வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சரோடு ஒரு கிரகப்பிரவேசத்துக்கு மணப்பாறை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி முறுக்குக் கடையில் நிற்கும்போதே, "மணப்பாறையில என்ன டீச்சர்?" என்று உன் மெசேஜ். அக்கறையோடுதான் கேட்டாய். ஸ்டெல்லா, "வாட்ச்மேன் வெச்சிருக்கானா உம் பையன்?" என்றாள். எனக்கு முறுக்கு இறங்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பழைய சினேகிதியைப் பார்த்து நின்று பேசினால், நீ பார்த்துக்கொண்டிருக்கிறாயோ என்று தோன்றும். தப்பு எதுவும் செய்யாமலே, செய்தவளைப்போல நடக்க ஆரம்பித்தேன். போன மாதம் லால்குடியிலிருந்து தமிழரசி நேரில் வந்தாள். என்னிடம் படித்த பெண், இப்போது நெல் வியாபாரம் பார்க்கிறாள். "எத்தனை தடவை அடிச்சேன் டீச்சர், போகவே மாட்டேங்குது. உடம்பு முடியலையோன்னு பயந்து போயிட்டேன்" என்றாள். மகளுக்குப் பெயர் வைக்கும் விசேஷத்துக்குக் கூப்பிடத்தான் அத்தனை தடவை முயன்றிருக்கிறாள். விசேஷம் முடிந்துபோயிருந்தது. என்னிடம் படித்தவர்கள் எல்லோருமே உன் கணக்கில் தெரியாத நம்பர்கள்தான். முப்பது சொச்ச வருஷ உத்தியோகத்தில் நான் சம்பாதித்து வைத்திருப்பது அந்தத் தெரியாத நம்பர்களைத்தான் முகிலன். திருடனோடு சேர்த்து அவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் நல்ல கோபம்.

தமிழரசி போனதும் பூட்டை எடுப்பது என்று தீர்மானித்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் நேரே ஸ்பீக்கரிடம் போய், "ஏங்க, பையன் போட்ட பூட்ட எப்படிங்க எடுக்கறது?" என்று கேட்டார். அது திருவானைக்காவலில் எங்கெல்லாம் பூட்டுக் கடை இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னது. அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நன்றி சொன்னார். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செட்டிங்ஸுக்குள் ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் புதுப் பாடத்திட்டத்தைவிட ஒன்றும் மோசமில்லை. புதுப் பாஸ்வேர்டு தட்டும் கட்டம் வந்ததும், என் வாயை நினைத்துப் பயம் வந்தது. சமையலறைக்குப் போய் ஒரு வாய் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்து தட்டினேன். நடுவில் அப்பா "காபி போடட்டுமா?" என்று கேட்க, கன்னம் உப்பத் தலையை மட்டும் ஆட்டினேன். பல்வலியா என்று கேட்டார். எதிர்வீட்டு மாமிக்கும் இந்தத் தடவை எதுவும் தெரியாது. இரண்டு நாள் கழித்து, "என்ன டீச்சர், ரெண்டு நாளா சத்தமே இல்லையே" என்று மட்டும் விசாரித்தாள்.

உன் நலங்கில் சித்தப்பா வீட்டுத் தங்கைமார் ஒரு விளையாட்டு வைத்தார்களே, குடத்தில் மோதிரம் போட்டு எடுப்பதற்குப் பதிலாக உன் போனை நித்யாவும் அவள் போனை நீயும் திறக்க வேண்டும் என்று. நித்யா முதல் தடவையிலேயே திறந்துவிட்டாள். உன் பாஸ்வேர்டு உன் பைக் நம்பர்தான். ஊருக்குச் சொல்லும் புத்தி தனக்கு இல்லாமல் போயிற்றே என்று எல்லோரும் கேலி செய்தார்கள். நீ அவள் போனைத் திறக்கத் திணறியபோது, "விடுங்க, நானே திறந்து தரேன்" என்று வாங்கித் திறந்து உன் கையில் கொடுத்தாள். எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷத்தில் ரொம்பப் பிடித்துப்போனது. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல நினைப்பதும் அதுதான். அவள் பூட்டு அவளிடம் இருக்கட்டும், உன் பூட்டு உன்னிடம் இருக்கட்டும். கேட்டால் திறந்து கொடுங்கள். கேட்காமல் திறந்து பார்க்கும் பழக்கம் ஆரம்பத்தில் அக்கறையாகத்தான் இருக்கும். பார்க்கப்படுகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை நான் இப்போது உள்ளே இருந்து பார்த்துவிட்டேன்.

நீ சொல்லித்தந்தவற்றில் நல்லவை எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறேன். போனுக்கு வரும் நம்பரை யாருக்கும் சொல்லமாட்டேன். லிங்கைத் தொடமாட்டேன். அவசரம் என்று யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த உன் நம்பருக்கு நானே அடிப்பேன். சந்தேகம் வந்தால் உன்னைக் கேட்பேன், நீ அலுத்துக்கொள்ளாமல் சொல்ல வேண்டும். இதில் ஒன்றிரண்டு தடவை நான் சறுக்கவும் கூடும். நீயும்தான் சறுக்குவாய். அதற்காக ஒருவர் சாவியை ஒருவர் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, நீ கேட்ட கேள்விக்குப் பதில். ஏன் உடனே வைக்கவில்லை என்று கேட்டாய். நீ அடிபட்டுக் கிடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பேசுகிறவன் எவனோ என்பதும் தெரியும். வைத்துவிடத்தான் விரல் போனது. அதற்குள் அவன் மறுபடியும் "அம்மா" என்றான். உன் குரலில். நீ மூன்றாம் வகுப்பில் நோட்டை நீட்டிக்கொண்டு கூப்பிட்டதற்குப் பிறகு அந்தக் குரலில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. "அடி பலமா?" என்று கேட்டேன். "இல்லம்மா, லேசாத்தான்" என்றான். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "அப்புறம் சாப்பிடுறேன்மா, நீ நம்பரச் சொல்லு" என்றான். எது கேட்டாலும் பதிலில் ஒரு 'அம்மா' வந்தது. அதற்காக நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏமாந்ததால் இல்லை முகிலன். எனக்கு ஆசையாக இருந்தது. இதை அன்றைக்கு நித்யா முன்னால் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் உடனே போனை எடுத்து என்னை அப்படிக் கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் திருடன் என்று நினைத்து வைத்துவிடுவேன், அந்த விஷயத்தில் நான் இனி கண்டிப்பாகத்தான் இருக்கப்போகிறேன். போனில் நான் உனக்கு டீச்சர்தான். அதைவிட நல்ல ரகசியச் சொல் நமக்குக் கிடைக்காது, குரூப்பில் போடவும் மாட்டேன். பொங்கலுக்கு வருவாய் இல்லையா, காலிங் பெல்லை அழுத்திவிட்டு வாசலில் நில். யாரது என்று உள்ளே இருந்தே கேட்பேன். அப்போது சொல்.